மூன்று கம்ப்யூட்டர், ஒரே கணக்கு: மாற்று நகல் எங்கே?



பில் போட ஒன்று, குடோன் சரக்குக்கு ஒன்று, கணக்குப்பிள்ளைக்கு ஒன்று என இரண்டு மூன்று கம்ப்யூட்டர்கள் இன்று நம் மொத்தக் கடைகளில் ஓடுகின்றன. பழவேற்காட்டைச் சுற்றியுள்ள கோட்டைக்குப்பம், தோணிரேவு, கூனங்குப்பம் போன்ற ஊர்களுக்குச் சரக்கு அனுப்புகிற வியாபாரிகளும், இறால், நண்டு வாங்கி அனுப்புகிறவர்களும் இதற்கு மாறி வருகிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் அந்தக் கணக்குக்கு மாற்று நகல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் உடனே பதில் சொல்லக் கூடியவர்கள் நம்மில் சிலரே.

பழைய முறையில் ஒரு கொடுக்கல் வாங்கல் முதலில் சிட்டையில் ஏறும். பிறகு குறிப்பேட்டுக்குப் போகும். அதன் பிறகு பேரேட்டில் பற்று வரவாகப் பதியும். பேரேட்டைக் கரையான் அரித்தாலும் சிட்டையை வைத்து மறுபடி எழுதிவிடலாம். கம்ப்யூட்டரில் ஒரு தடவை பில் போட்டால் எல்லாப் புத்தகத்திலும் தானே ஏறிவிடுகிறது. வேலை மிச்சம்தான். ஆனால் எல்லாப் புத்தகமும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. அது போனால் சிட்டையும் பேரேடும் சேர்ந்தே போகும். முன்னே தானாகக் கிடைத்த பாதுகாப்பை இப்போது நாம்தான் தேடி ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

நம் பகுதிக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா புயல், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழை, எல்லாமே டிசம்பர் மாதத்தில் வந்தவை. ஜி.எஸ்.டி. ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாளும் டிசம்பர் 31தான். வெள்ளம் வரக்கூடிய மாதத்திலேயே கணக்கும் கேட்கப்படுகிறது. ஏரிக்கரையின் உப்புக் காற்றும், அடிக்கடி போய் வரும் மின்சாரமும் எந்த மிஷினுக்கும் நல்லதல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கணக்கு போனால் நஷ்டம் நமக்கு மட்டும் என்று நினைக்கக் கூடாது. மீனவக் குடும்பங்களுக்கு வருமானம் ஒரே சீராக வருவதில்லை. பாடு நன்றாக இருந்தால் ரொக்கம், இல்லாவிட்டால் கடன் என்றுதான் மளிகைக் கடை நடக்கிறது. அந்தச் சில்லறைக் கடைக்காரருக்கு நாம் கடனில் சரக்கு கொடுக்கிறோம். கணக்கு அழிந்துவிட்டால் ஞாபகத்தை வைத்துத்தான் பாக்கி கேட்க வேண்டும். நம் ஞாபகம் ஒன்று சொல்லும், அவர் ஞாபகம் வேறொன்று சொல்லும். கொடுத்த பணத்தை மறுபடி கொடுக்கும் நிலை ஏழை வாடிக்கையாளருக்கு வரலாம். பல வருட நாணயம் ஒரு நாள் பேச்சில் கெட்டுவிடும்.

சட்டமும் இதைக் கேட்கிறது. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற வியாபாரி ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். அதாவது 2023-24 கணக்கு 2030 டிசம்பர் 31 வரை இருந்தாக வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர், விபத்தாலோ இயற்கைச் சேதத்தாலோ அது அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கக் கூடிய வகையில் முறையான பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்று 57ஆம் விதி சொல்கிறது. "தண்ணீரில் போய்விட்டது" என்று சொன்னால் அதிகாரி, "நகல் எங்கே?" என்று கேட்க முடியும்.

"ஆடிட்டரிடம் இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். அவரிடம் இருப்பது நாம் கடைசியாக அனுப்பியது வரைதான். "போர்டலில் இருக்கிறதே" என்பார்கள். நாம் தாக்கல் செய்தது அங்கே இருக்கும், நம் கடன் பாக்கியும் குடோன் இருப்பும் அங்கே இராது. "இன்டர்நெட்டில் சேமித்துவிடலாமே" என்றால், தாராளமாகச் செய்யலாம். ஆனால் சில ஏற்பாடுகளில் இங்கே ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். புயல் நாளில் லைனும் கிடைக்காது. ஆகவே கையில் ஒரு நகல் அவசியம்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. வெளியில் மாட்டும் ஹார்டு டிஸ்க் ஒன்று நான்கைந்து மூட்டை அரிசி விலைக்குள் கிடைக்கிறது. கீழ்க்கண்டவாறு செய்யலாம்.

முதலாவதாக, எந்தக் கம்ப்யூட்டரில் எது இருக்கிறது என்று ஒரு தாளில் எழுத வேண்டும். கணக்கு ஒன்றில், ஸ்கேன் செய்த பில்கள் இன்னொன்றில், சரக்கு இருப்பு மூன்றாவதில் என்று சிதறிக் கிடக்கும். ஹார்டு டிஸ்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி ஃபோல்டர், அதற்குள் தேதி போட்ட ஃபோல்டர் என்று வைக்க வேண்டும். பழையதன் மேல் புதியதை எழுதக் கூடாது. நேற்று நேர்ந்த தவறு இன்று தெரியவந்தால் முந்தைய நகல்தான் கைகொடுக்கும்.

இரண்டாவதாக, டேலி போன்ற கணக்கு மென்பொருளில் எல்லா கம்ப்யூட்டரிலும் கம்பெனியை மூடிய பிறகே, அதில் உள்ள பேக்கப் வசதியின் மூலம் நகல் எடுக்க வேண்டும். கடை அடைக்கும் நேரம் இதற்குப் பொருத்தம்.

மூன்றாவதாக, நகல் எடுத்தவுடன் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை போன்ற வைரஸ் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். மாட்டியே இருக்கும் டிஸ்க்கும் அதோடு சேர்ந்து பூட்டப்படும்.

நான்காவதாக, இரண்டு டிஸ்க் வாங்கி வாரம் மாற்றி வாரம் பயன்படுத்த வேண்டும். ஒன்று கடையில், மற்றது வீட்டில் மேல் மாடியில் அல்லது வெளியூர் உறவினர் வீட்டில் இருக்கட்டும். கடையில் வெள்ளம் புகுந்தால் மேஜையிலுள்ள கம்ப்யூட்டரும் டிராயரிலுள்ள டிஸ்க்கும் சேர்ந்தே நனையும். வெளியே போகிற டிஸ்க்குக்குக் கட்டாயம் பாஸ்வேர்டு போட வேண்டும். அதை முதலாளியும் நம்பகமான இன்னொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

ஐந்தாவதாக, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, ஏதேனும் ஒரு பார்ட்டியின் பாக்கியைச் சரிபார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நம்பக் கூடாது.

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. 1613இல் பழவேற்காட்டில் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக் கம்பெனியார் கடிதங்களையும் கணக்குகளையும் பல பிரதி எழுதி வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினார்கள். ஒரு கப்பல் மூழ்கினாலும் மற்றொன்று போய்ச் சேரும். கோட்டை இன்று முட்புதர் மூடிய இடிபாடு. அவர்கள் எழுதிய தஸ்தாவேஜுகளோ நெதர்லாந்திலும், நம் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அந்தக் கம்பெனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இது கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் பையனின் வேலை என்று விட்டுவிடக் கூடாது. கல்லாச் சாவியை யாரிடமும் கொடுக்காத நாம், கல்லாவைவிட மதிப்புள்ள கணக்கை மட்டும் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விடுவது முறையல்ல. நம் சங்கம் ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி முடிவதற்குள், அதாவது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், உறுப்பினர்களுக்கு ஒரு நாள் செய்முறை விளக்கம் நடத்த வேண்டும். ஏரிக்கரை ஊர்களின் சிறு கடைக்காரர்களையும் அதற்கு அழைக்க வேண்டும். புதுக்கணக்கு எழுதும் நாளில் மஞ்சள் தடவிப் பேரேடு தொடங்குகிற நாம், அன்றே பழைய ஆண்டுக் கணக்கின் இரண்டு நகல்களையும் எடுத்து வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். நிர்வாகிகள் இதற்கு ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.