உறுதிமொழிக்கு யார் சாட்சி?

ரசாயன நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளிலும் ஆலைகளின் வாயிற்பலகைகளிலும் ஒரு சின்னத்தைப் பார்க்கலாம்: இரண்டு கைகள், நடுவில் ஒரு மூலக்கூறின் வடிவம். ‘ரெஸ்பான்சிபிள் கேர்’ என்ற உலகளாவிய திட்டத்தின் அடையாளம் அது. சட்டம் கேட்கிறதோ இல்லையோ, தொழிலாளர்களையும் அக்கம்பக்கத்து மக்களையும் காற்றையும் நீரையும் காப்போம் என்று நிறுவனங்கள் தாமாக முன்வந்து தரும் வாக்குறுதி. 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் இது நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவில் இந்திய ரசாயன கவுன்சில் இதை நடத்துகிறது.

இப்படி வாக்குத் தருவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், சான்றிதழ் வாங்கிய ஆலைக்கு அரசு ஆய்வு எதற்கு, சுயசான்று போதாதா என்ற பேச்சு, தொழில் தொடங்குவதை எளிதாக்கும் நடவடிக்கைகளின் கூடவே வலுத்துவருகிறது. அதை ஏற்க முடியாது. ரசாயன ஆலையின் வாக்குறுதியை மதிலுக்கு வெளியே குடியிருப்பவர் சரிபார்க்க வழியில்லை என்றால், அது விளம்பரத்துக்கு மேல் ஒன்றுமில்லை.

இந்தத் திட்டம் எந்தச் சூழலில் பிறந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறியது. தொட்டியைக் குளிர்நிலையில் வைத்திருக்க வேண்டிய குளிரூட்டும் இயந்திரம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்தழிக்க வேண்டிய கோபுரம் குழாய் இணைப்பில்லாமல் நின்றது. அடுத்த ஆண்டே, 1985-ல், கனடா ரசாயன உற்பத்தியாளர்கள் ரெஸ்பான்சிபிள் கேரை அறிவித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் யூனியன் கார்பைடின் இன்னொரு ஆலையில் வாயு கசிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். 1988-ல் அமெரிக்க நிறுவனங்களும் திட்டத்தில் சேர்ந்தன. மக்களின் நம்பிக்கையை இழந்துவிட்டோம், கடுமையான சட்டங்கள் வரப்போகின்றன என்ற அச்சம்தான் இதற்குத் தாய். அச்சத்தில் பிறந்ததெல்லாம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. நம் நாட்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் வந்ததற்கும் அதே போபால்தான் காரணம்.

சரி, வாக்கு காப்பாற்றப்பட்டதா? அமெரிக்காவில் இதை எண்களை வைத்தே ஆராய்ந்திருக்கிறார்கள். ஆண்ட்ரூ கிங், மைக்கேல் லெனாக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட கட்டுரை, திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்கள் சேராதவற்றைவிட மெதுவாகவே மாசைக் குறைத்தன என்று காட்டியது. வாக்கு மீறினால் தண்டனை இல்லை என்கிறபோது, நல்ல பெயருக்காக மட்டும் உள்ளே வருகிறவர்களுக்குக் கதவு திறந்தே இருக்கும் என்பது அவர்கள் தந்த விளக்கம். 2013-ல் வந்த இன்னோர் ஆய்வில், உறுப்பு நிறுவனங்களின் ஆலைகள் வெளியேற்றிய நச்சு மாசு ஒப்பிடத்தக்க மற்ற ஆலைகளைவிட ஏறத்தாழ 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆனால் அதே ஆய்வாளர்கள் விபத்துகளைத் தனியாகக் கணக்கெடுத்தபோது முடிவு நேர்மாறாக வந்தது: திட்டத்தில் சேர்ந்த ஆலைகளில் விபத்துகள் கணிசமாகக் குறைந்திருந்தன.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. விபத்து நடந்தால் ஆலையே எரிகிறது, உற்பத்தி நிற்கிறது, காப்பீட்டுக் கட்டணம் ஏறுகிறது, பங்கு விலை விழுகிறது. அதைத் தடுப்பது நிறுவனத்துக்கு லாபம். அன்றாடம் புகைபோக்கி வழியாகவும் வாய்க்கால் வழியாகவும் போகும் நச்சோ பக்கத்து ஊரின் நுரையீரலுக்குப் போகிறது. நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் அது ஏறுவதே இல்லை. ஆக, தன் நட்டத்தைத் தடுக்கும் இடத்தில் தன்னார்வம் நன்றாகவே வேலை செய்கிறது. அடுத்தவர் நட்டத்தைத் தடுக்க வேண்டிய இடத்தில் சோர்ந்துவிடுகிறது. நிர்வாகிகள் கெட்டவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. காசு போகும் வழி அப்படி.

கடலூர் மக்களுக்கு இதை ஆய்வுக் கட்டுரை வைத்து விளக்கத் தேவையில்லை. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்தார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கையில் எடுத்தார்கள். மூடி போட்ட வாளி, உள்ளே காற்றுப் புகாத பை, உறிஞ்சுவதற்கு ஒரு சிறு பம்பு. நாற்றம் கிளம்பும் நேரத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி, பையில் காற்றைப் பிடித்து, வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்திலிருந்து, என்ன மாதிரி நாற்றம் என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்தும் வைத்தார்கள். 2004-ல் வெளியான அவர்களது அறிக்கை, சிப்காட் காற்றில் இருபதுக்கும் மேற்பட்ட நச்சு ரசாயனங்கள் இருப்பதை ஊருக்குச் சொன்னது. கருவியும் பணமும் அதிகாரமும் உள்ள நிறுவனங்களும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் செய்திருக்க வேண்டிய வேலை இது. செய்தவர்கள் விவசாயிகளும் மீனவர்களும் கூலி வேலைக்குப் போகிறவர்களும். அதே சிப்காட்டில் 2021 மே மாதம் ஒரு பூச்சிமருந்து ஆலையில் நடந்த விபத்தில் 4 பேர் இறந்தார்கள்.

எண்ணூரில் நடந்தது இன்னும் அண்மையில். 2023 டிசம்பர் 26 இரவு, கப்பலிலிருந்து அமோனியா இறக்குவதற்காகக் கடலடிக் குழாயைக் குளிர்வித்துத் தயார்செய்துகொண்டிருந்தபோது கொரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலையின் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூக்கெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக விழித்தெழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கும்மிருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாயிலருகே காற்றில் அமோனியா ஒரு கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து சொன்னது. 24 மணி நேரத்துக்கான வரம்பு 400. சில வாரங்களுக்கு முன் வந்த மிக்ஜாம் புயலில் கடலடிப் பாறைகள் புரண்டு குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்றது தொழில்நுட்பக் குழு. இருக்கட்டும். புயலுக்குப் பிறகு குழாயைச் சோதிக்காமல் அமோனியாவை விடலாம் என்று முடிவெடுத்தது புயல் அல்ல. எந்தப் பக்கம் ஓட வேண்டும், முகத்தில் ஈரத்துணி கட்ட வேண்டுமா, காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று அந்த மக்களுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தார்களா என்பதுதான் இதில் பெரிய கேள்வி.

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் எப்போதோ எழுதப்பட்டாயிற்று. தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-ல் சேர்க்கப்பட்ட 41பி பிரிவு, ஆலையில் உள்ள அபாயங்களையும் அவற்றைச் சமாளிக்கும் முறைகளையும் தொழிலாளர்களுக்கும் உள்ளாட்சிக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றது. அபாயகரமான ரசாயனங்கள் குறித்த 1989-ஆம் ஆண்டு விதிகள், ஆலைக்கு வெளியே நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்ற திட்டத்தைத் தயாரிக்கவும் ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை நடத்தவும் சொல்கின்றன. நம் ஊர்களில் இந்த ஒத்திகை எப்படி நடக்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: காலை 11 மணி, பந்தல், வரவேற்புரை, தீயணைப்பு வண்டி, படமெடுக்கும் அதிகாரிகள். மக்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

தன்னார்வத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு விசாகப்பட்டினம் ஒரு விசித்திரமான பாடம். எல்ஜி பாலிமர்ஸ் நிறுவனம், செல்லுபடியாகும் சுற்றுச்சூழல் அனுமதி தன்னிடம் இல்லை என்று 2019 மே மாதத்தில் தானே பிரமாணப் பத்திரம் கொடுத்திருந்தது. இதைவிடப் பெரிய சுயவெளிப்பாடு எங்கே கிடைக்கும்? அதைப் படித்து நடவடிக்கை எடுக்க அரசில் ஆளில்லை. ஓராண்டு ஓடியது. 2020 மே 7 அதிகாலை, ஊரடங்கால் மூடிக்கிடந்த ஆலையின் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி ஆர்.ஆர்.வெங்கடாபுரத்துக்குள் இறங்கியது. 12 பேர் இறந்தார்கள். ஆந்திர அரசு அமைத்த உயர்மட்டக் குழுவின் அறிக்கையைப் படித்தால் வயிறு எரியும். தொட்டியின் வெப்பநிலை அடிப்பகுதியில் மட்டும்தான் அளக்கப்பட்டது. மேலே சூடேறிக்கொண்டிருந்ததைக் காட்டக் கருவியில்லை. குளிரூட்டும் இயந்திரம் மாலை ஆனால் நிறுத்தப்பட்டது. போபாலில் நின்ற அதே இயந்திரம், 36 ஆண்டுகள் கழித்து. சைரனை ஒலிக்கவைக்கும் வசதி ஆலையில் பல இடங்களில் இருந்தும் அன்று அது ஒலிக்கவேயில்லை.

இங்கே ஆலை அதிபர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். அரசு ஆய்வு என்றால் இன்ஸ்பெக்டர் வருவார், கவர் வாங்குவார், கையெழுத்துப் போடுவார்; அதனால் யாருக்கு என்ன பாதுகாப்பு? மறுக்க முடியாது. சிறு ஆலை நடத்துகிறவர்கள் படும் பாடு நமக்கும் தெரியும். வாரியங்களில் பணியிடங்கள் காலியாகக் கிடப்பதும் ஊரறிந்த விஷயம். ஆனால் இன்ஸ்பெக்டருக்குப் பதிலாக நிறுவனமே தேர்ந்தெடுத்து, நிறுவனமே கூலி கொடுக்கும் தனியார் தணிக்கையாளரை அமர்த்துவது, மாப்பிள்ளையின் குணத்தை விசாரிக்க அவர் வீட்டுத் தரகரையே அனுப்புவதற்குச் சமம்.

இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள், அதுவும் நாட்டின் ரசாயனத் தொழிலின் தலைநகரமான குஜராத்தில். பொருளாதார அறிஞர்கள் எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகினி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகியோர் குஜராத் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடன் சேர்ந்து 2009 முதல் 473 ஆலைகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். வழக்கமான முறையில், ஆலையே பணம் கொடுத்த தணிக்கையாளர்களின் அறிக்கைப்படி, புகைபோக்கித் தூசு வரம்பைத் தாண்டிய ஆலைகள் வெறும் 7 சதவீதம். வேறு ஆட்கள் போய் மறுபடியும் அளந்தபோது 59 சதவீதம்! வரம்பு 150 என்றால், அறிக்கைகளில் எண்கள் 150-க்குச் சற்றே கீழே வரிசைகட்டி நின்றன. மற்றொரு பகுதி ஆலைகளில் விதியை மாற்றினார்கள். எந்த ஆலைக்கு எந்தத் தணிக்கையாளர் என்பது குலுக்கலில். கூலி பொது நிதியிலிருந்து. சில ஆலைகளில் முன்னறிவிப்பின்றி மறு அளவீடு. அதே தணிக்கையாளர்கள்தான். அறிக்கைகள் உண்மை பேச ஆரம்பித்தன. மாசும் குறைந்தது. ஆளை மாற்றாமல், விதியை மாற்றியதே போதுமானதாக இருந்தது.

கனடாவும் தன் பங்குக்கு ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறது. அங்கே ரெஸ்பான்சிபிள் கேர் சரிபார்ப்புக் குழுவில் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒருவரும் உறுப்பினர். அறிக்கையும் பொதுவில் வைக்கப்படுகிறது. தன்னார்வத் திட்டம்தான், ஆனால் அக்கம்பக்கத்தாருக்கு உள்ளே ஓர் இருக்கை உண்டு. அமெரிக்காவிலோ சட்டமே அதைச் செய்தது: 1986-ல் வந்த அந்தச் சட்டப்படி, ஆலைகள் எந்த நச்சை எவ்வளவு வெளியேற்றின என்ற கணக்கு ஆண்டுதோறும் ஊரறிய வெளியிடப்படுகிறது. மேலே சொன்ன அமெரிக்க மாசு ஆய்வுகள் அந்தக் கணக்கு இருந்ததால்தான் சாத்தியமாயின. அப்படிப்பட்ட பொதுக் கணக்கு இந்தியாவில் இல்லை. அதனால் இங்கே ரெஸ்பான்சிபிள் கேர் பலித்ததா என்று கேட்டால், ஆம் என்றும் நிரூபிக்க முடியாது, இல்லை என்றும் நிரூபிக்க முடியாது. இந்த நிலைமை நிறுவனங்களுக்கு வசதியானது. நேர்மையாக நடத்துகிறவர்களுக்கு மட்டும் அநீதியானது.

மத்திய அரசு இதற்கிடையில் எதிர்த்திசையில் நடக்கிறது. ‘ஜன் விஸ்வாஸ்’ சட்டம் 2023-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் பொதுவான மீறல்களுக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்றாக்கியது. பெரிய ரசாயன நிறுவனத்துக்கு 15 லட்சம் ஒரு பொருட்டா? ஐரோப்பாவில் 2007-லேயே, விவரம் தராத ரசாயனத்துக்குச் சந்தை இல்லை என்ற ‘ரீச்’ சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் நம் நிறுவனங்கள் அதற்குக் கட்டுப்பட்டு விவரம் தருகின்றன. சொந்த ஊராருக்குத் தருவதற்கு மட்டும் வணிக ரகசியம் குறுக்கே வந்துவிடுகிறது.

தமிழ்நாடு அரசு டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எண்ணூர், மணலி, கடலூர், மேட்டூர், தூத்துக்குடி ஆலைகளின் நெருக்கடித் திட்டங்களையும் அபாய விவரங்களையும் எளிய தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் வார்டு அலுவலகத்திலும் ஒட்டவைக்க வேண்டும். புகைபோக்கிகளில் பொருத்தியிருக்கும் தொடர் கண்காணிப்புக் கருவிகளின் அளவீடுகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு நின்றுவிடாமல் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். தணிக்கையாளர்களுக்கான கட்டணத்தை நிறுவனங்கள் ஒரு பொது நிதியில் செலுத்தட்டும். ஆளை வாரியம் குலுக்கலில் அனுப்பட்டும். ரெஸ்பான்சிபிள் கேர் சின்னத்தைப் பொறித்துக்கொள்ளும் நிறுவனங்களுக்கு இதில் எந்தக் கஷ்டமும் இருக்கக் கூடாது. அவர்கள் தருவதாகச் சொல்லும் வாக்குதானே இது? முதலில் முன்வருகிறவர்களுக்கு நாமே தலையங்கத்தில் பாராட்டு எழுதுகிறோம். அடுத்த ஒத்திகையை மட்டும் காலை 11 மணிக்கு வைக்க வேண்டாம். முன்னறிவிப்பில்லாமல் இரவு 12 மணிக்கு வைத்து, எத்தனை வீடுகளுக்குச் சைரன் கேட்டது, எத்தனை பேருக்கு எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரிந்திருந்தது என்ற கணக்கை மறுநாளே வெளியிடட்டும்.