காரைத் தாழ்த்துவோர் கவனத்துக்கு

பெங்களூரில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் இளைஞர்கள் சிலருக்கு அதைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி ஓட்டுவதில் ஓர் ஆசை. இதற்குக் ‘காயில்ஓவர்’ பொருத்துகிறார்கள். ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் அமைந்த பாகம் அது. மரையைத் திருகி உயரத்தை ஏற்றலாம், இறக்கலாம். நல்ல சாமான்தான். பாதி வேலையோடு நிறுத்திக்கொள்வதுதான் தவறு.

கார் தாழ்ந்தால் பல மாடல்களில், குறிப்பாகப் பின்சக்கரங்களின் மேல்பக்கம் உட்புறமாகச் சாய்ந்துவிடும். டயர் வெளியே புதிதாகத் தெரியும். உள்விளிம்போ கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கும். அது வெடித்தால் பக்கத்தில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவனுக்கும் ஆபத்து. இந்தச் சாய்வைத் திருத்தத்தான் நீளத்தை மாற்றக்கூடிய ஆர்ம்கள் இருக்கின்றன. காயில்ஓவருக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்துவிட்டு, ஆர்முக்கும் வீல் அலைன்மென்ட்டுக்கும் கணக்குப் பார்ப்பது, யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதைதான்.

பந்தயத் தடத்துக்கான விறைப்பான ஸ்பிரிங்கும் நகரத்துக்கு உதவாது. குண்டும் குழியுமான தெருவில் சக்கரம் துள்ளி, பிடிப்பை இழக்கும். இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடையின் உயரம் 10 செ.மீ.; அந்த அளவை மீறிக் கட்டியவை தெருவுக்குத் தெரு உண்டு. அவற்றில் அடிவயிறு தட்டாத உயரத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ற ஸ்பிரிங்கைத் தேடுவதே முறை.

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. பட்டறைக்காரர் இதைச் சொல்லமாட்டார். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்த பிறகு ஸ்பானரைத் தொடட்டும்.