பூட்டிய வகுப்பறை, திறந்த வாக்குச்சாவடி

2021 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தில் பள்ளிகள் மூடப்பட்டிருந்தன. குழந்தைகளிடையே தொற்று பரவிவிடக் கூடாது என்பது காரணம். அதே மாதத்தில் பல பள்ளிக் கட்டிடங்கள் வாக்குச்சாவடிகளாகத் திறந்தன. பஞ்சாயத்துத் தேர்தல் நான்கு கட்டங்களாக நடந்தது. சாவடிப் பணிக்கு ஆசிரியர்கள் பெரும் எண்ணிக்கையில் அனுப்பப்பட்டார்கள். தேர்தல் முடிந்ததும் ஆசிரியர் சங்கம் ஒரு பட்டியலை நீட்டியது. பணிக்குப் போன ஆசிரியர்களும் ஊழியர்களுமாக 1,621 பேர் கொரோனாவுக்குப் பலியானார்கள் என்றது. அரசின் முதல் கணக்கு 3 பேர். வீட்டிலிருந்து பணிக்குக் கிளம்பித் திரும்பி வருவதற்குள் இறந்தவர்களை மட்டுமே அது எண்ணியிருந்தது. தொற்றிய பிறகு நோய் முற்றி உயிரைப் பறிக்க வாரக்கணக்கில் ஆகும் என்பது விதியை எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல. எதிர்ப்பு வலுத்த பிறகுதான் இழப்பீட்டு விதி தளர்த்தப்பட்டது.

கொரோனா காலத்தில் பள்ளிகளைப் பற்றி இந்தியாவில் நடந்த விவாதத்தின் கோளாறு முழுவதும் இந்த ஒரு சம்பவத்தில் அடங்கியிருக்கிறது. பள்ளியில் வைரஸ் பரவுமா என்பதுதான் கேள்வி என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். யாருக்காகப் பள்ளியைத் திறக்கலாம், யாருக்காகத் திறக்கக் கூடாது என்பதுதான் உண்மையில் தீர்மானிக்கப்பட்டது.

தொற்றுநோய் என்றதும் பள்ளியை மூடும் பழக்கம் இன்ஃபுளுயன்சாவிலிருந்து வந்தது. அந்தக் காய்ச்சலை ஊருக்குள் பரப்புவதில் குழந்தைகளுக்கு முக்கியப் பங்கு உண்டு. 2009 ஆகஸ்டில் பன்றிக் காய்ச்சலுக்கு நாட்டின் முதல் பலி புனேயில் ஒரு பள்ளி மாணவி. நகரமே பீதியில் ஆழ்ந்தது. பள்ளிகள் ஒரு வாரம் மூடப்பட்டன, பிறகு திறந்தன. 2020 மார்ச்சில் கையில் இருந்ததும் அதே வைத்தியம்தான். புதிய வைரஸ், தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை. அந்த நிலையில் பள்ளிகளை மூடியதில் தவறு காண முடியாது. சுமார் 15 லட்சம் பள்ளிகளும் 24.7 கோடி மாணவர்களும் அதனால் பாதிக்கப்பட்டதாக யுனிசெஃப் கணக்கிட்டது. மூடியதல்ல தவறு, எந்த நிலையில் திறப்பது என்று அன்றே வகுக்காமல் விட்டதுதான்.

விஞ்ஞானம் சும்மா இருக்கவில்லை. உலகம் கவனித்த ஆய்வுகளில் ஒன்று தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேச அரசுகள் திரட்டிய தகவலிலிருந்தே வந்தது. 84,965 தொற்றாளர்களுடன் தொடர்பில் இருந்த 5,75,071 பேரை ரமணன் லட்சுமிநாராயணன் தலைமையிலான குழு அலசியது. 2020-ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான அந்த ஆய்வு இரு தரப்புக்கும் தீனி போட்டது. தொற்றாளர்களில் 71 சதவீதம் பேர் தங்களோடு தொடர்பில் இருந்த யாருக்கும் நோயைக் கொடுத்ததாகத் தெரியவில்லை. ஒரு சிலர் மட்டும் பலருக்குக் கொடுத்திருந்தார்கள். கூடவே இன்னொன்றும் தெரிந்தது: ஒத்த வயதுக் குழந்தைகளுக்கிடையே பரவும் வாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவில் இருந்தது. குழந்தைகளால் பரவவே பரவாது என்றவர்களுக்கு அது பதில். ஆனால் அந்தத் தகவல் பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்களில் திரட்டப்பட்டது. வகுப்பறைக்குள் என்ன நடக்கும் என்பதை அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. திறந்து பார்த்து, சோதித்து, எண்ணினால்தான் தெரியும்.

அப்படித் திறந்து பார்த்த மாநிலம் ஆந்திரப் பிரதேசம். 2020 நவம்பர் 2-ம் தேதி உயர் வகுப்புகள் தொடங்கின. மூன்றே நாளில் 262 மாணவர்களுக்கும் சுமார் 160 ஆசிரியர்களுக்கும் தொற்று என்று செய்தி வந்தது. தலைப்புச் செய்திகள் அலறின. பள்ளிக்கு வந்த மாணவர்கள் சுமார் 4 லட்சம், ஆசிரியர்கள் சுமார் 99,000 என்ற விவரம் செய்தியின் அடியில் கிடந்தது. கணக்குப் போட்டால் மாணவர்களில் 1,500 பேருக்கு ஒருவர். ஆசிரியர்களில் 600 பேருக்கு ஒருவர். தொற்றி அறிகுறி தெரியச் சராசரியாக 5 நாள் ஆகும் நோய் அது. ஆக, இவர்களில் பெரும்பாலோர் நோயை வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ கொண்டுவந்திருக்க வேண்டும். வகுப்பில் பெற்றிருக்க வாய்ப்பு குறைவு. ஆந்திர அதிகாரிகள் பதறாமல் கணக்கைச் சொன்னார்கள். மற்ற மாநிலங்கள் தலைப்பை மட்டும் படித்தன.

கேரளத்தின் அனுபவம் வேறு. 2021 பிப்ரவரியில் மலப்புரம் மாவட்டத்தில் இரண்டு பள்ளிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கும் பல ஆசிரியர்களுக்கும் தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் உண்மைதான். பள்ளியில் பரவும், சில நேரம் வேகமாகவே பரவும். ஆனால் அந்த இரண்டு பள்ளிகளில் என்ன செய்வது என்பது வேறு கேள்வி, நாடு முழுவதும் என்ன செய்வது என்பது வேறு கேள்வி. இந்த வித்தியாசத்தைத்தான் கொள்கை வகுப்பவர்கள் கோட்டை விட்டார்கள்.

2021 ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நடத்திய நான்காவது ரத்தப் பரிசோதனைச் சர்வே இந்த விவாதத்தை முடித்து வைத்திருக்க வேண்டும். 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 57.2 சதவீதம் பேரிடம் நோய் எதிர்ப்புப் பொருள் இருந்தது. 10 முதல் 17 வயதில் 61.6 சதவீதம். இவர்கள் யாருக்கும் அப்போது தடுப்பூசி கிடையாது. அதாவது இத்தனை பேருக்கும் தொற்று வந்து போயிருந்தது. ஆரம்பப் பள்ளிகள் நாட்டின் பெரும்பகுதியில் ஓராண்டுக்கு மேல் திறக்கவே இல்லை. வைரஸ் மட்டும் வீடு தேடி வந்துவிட்டது. முதலில் ஆரம்பப் பள்ளிகளைத் திறப்பது புத்திசாலித்தனமாக இருக்கும் என்று கவுன்சிலின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா ஜூலை 20-ம் தேதி சொன்னார். சிறு குழந்தைகளின் உடல் இந்தக் கிருமியைச் சமாளித்துவிடுகிறது, ஸ்காண்டிநேவிய நாடுகள் எந்த அலையிலும் ஆரம்பப் பள்ளிகளை மூடவில்லை என்று காரணங்களையும் அடுக்கினார்.

மாநில அரசுகள் இதற்கு நேர்மாறாகச் செய்தன. 10, 12-ம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு உண்டு. அதனால் அவை முதலில் திறந்தன. தமிழ்நாட்டில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் 2021 செப்டம்பர் 1-ம் தேதி தொடங்கின. 1 முதல் 8 வரை நவம்பர் 1. மேற்கு வங்கத்தில் ஆரம்பப் பள்ளிக் குழந்தை வகுப்பறையில் கால் வைத்தபோது 2022 பிப்ரவரி நடுப்பகுதி. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்க வேண்டிய வயதில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள்தான் வரிசையில் கடைசியாக நின்றார்கள். செல்போனைப் பிடித்துத் தானாகப் படிக்கத் தெரியாத வயதும் அதுதான். மூன்றாவது அலை குழந்தைகளைத்தான் குறிவைக்கும் என்ற வதந்தி இதற்கு உரம் போட்டது. அதற்கு ஆதாரம் இல்லை என்று எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரந்தீப் குலேரியாவும் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் சொன்னது பெற்றோர் காதில் விழவில்லை.

பள்ளியைத் திறக்காமல் வைத்திருப்பதில் ஆட்சியாளர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. திறந்து, ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று தொலைக்காட்சிகள் கேட்கும். மூடி வைத்து, லட்சம் குழந்தைகள் படிக்க மறந்தால் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்களின் பிள்ளைகளிடம் கம்ப்யூட்டரும் இணைய வசதியும் இருந்தன. 2020 அக்டோபர் 15-ம் தேதி முதல் சினிமா அரங்குகள் பாதி இருக்கைகளோடு இயங்கலாம் என்று சொன்ன அதே மத்திய அரசு ஆணைதான், பள்ளிகளைத் திறப்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. மாநிலங்கள் பெற்றோரின் சம்மதத்துக்கு விட்டன. 2021 செப்டம்பரில் பள்ளி திறக்கக் கோரி ஒரு மாணவர் உச்ச நீதிமன்றம் போனார். இது அரசுகள் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று நீதிமன்றம் விலகிக்கொண்டது. பந்து எல்லோர் கைக்கும் போய் வந்தது.

இதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. 2021 ஆகஸ்டில் ஜான் த்ரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் ஒருங்கிணைத்த சர்வே 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 1,400 குழந்தைகளைச் சந்தித்தது. கிராமப்புறத்தில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 சதவீதம். சுத்தமாகப் படிப்பையே விட்டிருந்தவர்கள் 37 சதவீதம். ‘அசர்’ என்ற கிராமப்புறக் கல்வி அறிக்கையும் இதையே வேறு விதத்தில் சொல்கிறது. 2-ம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த 3-ம் வகுப்பு மாணவர்கள் 2018-ல் 27.3 சதவீதம். 2022-ல் 20.5 சதவீதம். 2024-ல் 27.1 சதவீதம். மீண்டுவிட்டோம் என்று சிலர் பெருமைப்படுகிறார்கள். ஆறு ஆண்டுகள் ஓடி, புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். அந்த இடமும் பெருமைப்படத்தக்கதாக இருக்கவில்லை. 2022-ல் 3-ம் வகுப்பில் தடுமாறிய குழந்தைகள் இந்த 27.1 சதவீதக் கணக்கில் வரவும் இல்லை. அவர்கள் மேல் வகுப்புகளுக்குப் போய்விட்டார்கள்.

ஆசிரியர்களின் அச்சத்தைச் சோம்பேறித்தனம் என்று கேலி செய்தவர்களும் உண்டு. அது அநியாயம். பள்ளியில் உண்மையான ஆபத்து கரும்பலகைக்கு முன்னால் நின்றவருக்குத்தான் இருந்தது. கர்நாடகத்தில் 2020-ல் ‘வித்யாகம’ என்ற திட்டத்தின்கீழ் ஆசிரியர்கள் கோயில் திண்ணையிலும் மரத்தடியிலும் பாடம் நடத்தினார்கள். நல்ல யோசனை. ஆசிரியர்கள் நோயில் இறந்த செய்திகள் வந்ததும் அக்டோபரில் அது நிறுத்தப்பட்டது. ஆசிரியரைப் பாதுகாக்காமல் பள்ளியை நடத்த முடியாது என்பதே அதன் பாடம். ஆனால் 2021 ஜனவரி 16-ம் தேதி தடுப்பூசி வந்தபோது முன்னுரிமைப் பட்டியலில் ஆசிரியர்கள் என்று தனியாக யாரும் இல்லை. ஆசிரியர் தினத்துக்குள் எல்லா ஆசிரியர்களுக்கும் போட்டுவிடுங்கள் என்று மாநிலங்களுக்கு 2 கோடி ஊசிகளைக் கூடுதலாக மத்திய அரசு அறிவித்தது ஆகஸ்ட் கடைசியில். ஏழு மாதங்கள் வீணாகியிருந்தன. இந்த வரிசையை முன்கூட்டியே மாற்றியிருந்தால் பள்ளி திறக்கும் தேதியும் மாறியிருக்கும்.

காற்றைப் பற்றியும் யாரும் கவலைப்படவில்லை. கிருமி காற்றில் மிதந்து 10 மீட்டர் வரை போகலாம், கதவு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள் என்று மத்திய அரசின் தலைமை விஞ்ஞான ஆலோசகர் அலுவலகம் 2021 மே மாதம் அறிவுறுத்தியது. பள்ளிகளோ அதற்குப் பிறகும் பெஞ்சுகளுக்கு மருந்து தெளித்துக்கொண்டிருந்தன. சன்னல் இல்லாத வகுப்பறைகள் எத்தனை, காற்றாடி இல்லாதவை எத்தனை என்று எண்ணிச் சரிசெய்ய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் காலியான கட்டிடங்கள் கிடைத்திருந்தன.

பகுதி மூடலையும் சேர்த்து இந்தியப் பள்ளிகள் 82 வாரங்கள் பாதிக்கப்பட்டதாக யுனெஸ்கோ பதிவு செய்தது. உலகிலேயே மிக நீண்ட மூடல்களில் ஒன்று அது. உகாண்டாவில் 83 வாரங்கள். அடுத்த தொற்றுநோய் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் முதல் 100 நாளில் என்ன செய்வது என்று நிதி ஆயோக்கின் நிபுணர் குழு 2024 செப்டம்பரில் ஓர் அறிக்கை தந்திருக்கிறது. பொது சுகாதார நெருக்கடிக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்கிறது. சட்டம் வரட்டும். அதில் பள்ளிகளுக்கென்று சில வரிகள் இருக்க வேண்டும். மூடுவதானால் வட்டாரம் வட்டாரமாக மூட வேண்டும். மாநிலம் முழுவதையும் அல்ல. மூடும் ஆணையிலேயே மறுபரிசீலனைத் தேதி இருக்க வேண்டும். திறந்த பள்ளிகளில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்குத் தொற்று என்பதை வாரந்தோறும் வெளியிட வேண்டும். தடுப்பூசி வந்தால் ஆசிரியர்கள் முதல் வரிசையில் நிற்க வேண்டும். சத்துணவு எந்த நாளும் நிற்கக் கூடாது.

இவற்றோடு இன்னும் ஒரு வரி. எந்தக் கட்டிடம் குழந்தைகளுக்கு ஆபத்தானது என்று பூட்டப்படுகிறதோ, அதில் வாக்குப்பெட்டியும் வைக்கக் கூடாது. இந்த ஒரு விதி இருந்தால் போதும், பள்ளிகளைச் சீக்கிரம் திறக்கும் வழியை அரசியல்வாதிகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.