சுவரில் விழும் நம் நிழல்



பெரட்டுக் களத்தை உங்களுக்கு நினைவிருக்கிறதா? பொழுது விடியும் முன் நம் பாட்டிமார் வரிசையில் நின்ற இடம். அந்த அரையிருட்டில் முகம் தெரியாது. வாளியும் தலைத்துண்டும் நிழலாகத்தான் தெரியும்.

அப்படிப்பட்ட நிழல்களை ஓவியமாக்கியவர் அமெரிக்காவின் காரா வாக்கர். 1969-இல் பிறந்த கறுப்பினப் பெண். கறுப்புத் தாளை ஆளுயரத்துக்கு வெட்டி வெள்ளைச் சுவரில் ஒட்டுவார். 1994-இல் நியூயார்க்கில் வைத்த படைப்பால் பேசப்பட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் அழகான கதைப்படம். கிட்டே போனால் அடிமைப் பெண்களுக்கு நேர்ந்த அவமானமும் எசமானர்களின் கொடுமையும் தெரியும்.

அவர் வெட்டும் உருவங்களில் எசமானனும் கறுப்பு, அடிமையும் கறுப்பு! யார் எவர் என்று உடையையும் நிற்கும் நிலையையும் வைத்து நாம்தான் கண்டுகொள்ள வேண்டும். 2001-இல் செய்த ஒரு படைப்பில் விளக்கொளியைப் பாய்ச்சினார். பார்க்க வந்தவரின் நிழலும் அதே சுவரில் விழுந்தது.

இது நமக்கு எதற்கு என்கிறீர்களா?

1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் கப்பலேறினார்கள். மலாயாவில் அந்த ஒப்பந்தமுறை 1910-இல் முடிந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. 1942-43-இல் ஜப்பானியர் தோட்டத் தமிழர்களைச் சயாம் ரயில் பாதை போட அள்ளிச் சென்றார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை.

அடிமை முறையும் ஒப்பந்தக் கூலியும் ஒன்றல்ல. அடிமையின் பிள்ளை பிறக்கும்போதே எசமானனின் சொத்து. ஆனால் வேலையை விட்டு ஓடினால் சிறை என்பது மட்டும் சுதந்திரமா?

துரையின் கொடுமையை நாம் பேசுகிறோம். தலைக்காசு வாங்கிய கங்காணி நம் ஊர்க்காரர்தானே? லயத்தில் சாதி பார்த்து வீடு பிரித்தது யார்? அந்த நிழல்களும் நம் நிறம்தான். 1997-இல் மூத்த கறுப்பினக் கலைஞர் பெட்யி சார், நம் இனத்தை இழிவாகக் காட்டுகிறாரே என்று வாக்கரை எதிர்த்தார். அவர் வேதனையில் நியாயம் உண்டு. ஆயினும் பாதியை மறைத்துச் சொன்ன கதையை நம் பிள்ளைகளே ஒருநாள் நம்பமாட்டார்கள்.

குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட் என்று ஜொகூரெங்கும் பால்மரம் வெட்டிய குடும்பங்கள் இன்று அடுக்குமாடிகளில் இருக்கின்றன. லயங்கள் பல இடிந்துவிட்டன. சயாம் காலத்தை நேரில் கண்டவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தாத்தா பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். எந்தத் தோட்டம், யார் சயாமுக்குப் போனார்கள், அவர்கள் பெயர் என்ன என்று கேளுங்கள். பள்ளிக்கூட நோட்டிலாவது எழுதி வையுங்கள். பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள்.

அந்த நிழல்களுக்கு முகம் கொடுக்க நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

சிந்திப்போம்!