கொறடாவும் லயமும்

2021 மே மாதம் கேரள சட்டமன்றத்தில் தேவிகுளம் எம்.எல்.ஏ. ஏ. ராஜா தமிழில் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். சில நாட்களிலேயே சிக்கல். அவருக்குத் தரப்பட்ட தமிழ் வாசகத்தில் 'கடவுள் அறிய' என்றோ 'உளமார' என்றோ இருக்க வேண்டிய சொல் விடுபட்டிருந்தது. ஜூன் 2-ம் தேதி அவர் மறுபடியும் உறுதிமொழி எடுக்க வேண்டியதாயிற்று. எதன் மேல் ஆணை என்பதுதான் விட்டுப்போயிருந்தது.

தவறு மொழிபெயர்ப்பில் நேர்ந்தது. ஆனால் இடுக்கி மலையிலும் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலும் ஓட்டு வாங்கிப் பதவிக்கு வரும் ஒவ்வொரு தமிழ் மெம்பருக்கும் அந்தக் கேள்வி உண்டு. எதன் மேல் ஆணை? கட்சி மேலா, வார்டு மேலா?

தமிழ்நாட்டில் கிராமப் பஞ்சாயத்துத் தேர்தலுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். போடிமெட்டையோ வாளையாறையோ தாண்டினால் கதை வேறு. அங்கே வார்டு மெம்பரே கட்சிச் சின்னத்தில்தான் நிற்கிறார். தலைவரைத் தேர்ந்தெடுப்பது மெம்பர்கள். 21 பேர் கொண்ட பஞ்சாயத்தில் 11-க்கு 10 என்று ஆட்சி நடந்தால், ஒருவர் இடம் மாறினாலே தலைவர் நாற்காலி போய்விடும். 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கிய பிறகு மாநிலத் திட்டப் பணத்தில் கணிசமான பங்கு உள்ளாட்சிகளுக்குப் போகிறது. வீடு, குடிநீர், சாலை எல்லாவற்றுக்கும் பயனாளிகள் பட்டியல் பஞ்சாயத்து வழியாகத்தான். எனவே மெம்பர் சின்னவர். அவருடைய ஓட்டு பெரியது.

பெரிய ஓட்டுக்கு விலை பேச ஆள் வருவார்கள். அதைத் தடுக்கத்தான் கேரளம் 1999-ல் உள்ளாட்சிக் கட்சித் தாவல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. தலைவர் தேர்தலிலோ நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலோ கட்சியின் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால், அல்லது ஓட்டுப் போடாமல் நழுவினால், பதவி போகும். சுயேச்சையாக ஜெயித்துவிட்டுப் பிறகு கட்சியில் சேர்ந்தாலும் போகும். மாநிலத் தேர்தல் ஆணையம் விசாரித்துத் தகுதி நீக்கம் செய்தால் ஆறு ஆண்டு தேர்தலில் நிற்க முடியாது. நியாயமான சட்டம்தான். ஆனால் அது கட்டிய கயிறு ஒன்றே ஒன்று. மெம்பரைக் கட்சியோடு கட்டியது. கட்சியை வார்டோடு கட்ட அதில் எதுவும் இல்லை.

மலைத் தோட்டங்களில் இந்த வித்தியாசம் வேறெங்கையும்விடக் கூர்மையாகத் தெரியும். 1954-ல் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தேவிகுளம் பீர்மேட்டையும் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டது. அன்று விசுவாசம் மொழிக்கு. 1956-ல் எல்லை முடிவானது; மலை கேரளத்தோடு நின்றது. 1957-ல் தேவிகுளத்தில் கம்யூனிஸ்ட் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். எதிராளியின் மனுவைத் தவறாகத் தள்ளுபடி செய்ததற்காக அந்தத் தேர்தல் செல்லாமல் போக, 1958-ல் இடைத்தேர்தல். இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன் தோட்டம் தோட்டமாகப் பாடினார். ரோசம்மா மறுபடியும் ஜெயித்தார். மொழிக்கு இருந்த விசுவாசம் தொழிற்சங்கத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது.

மாறியதில் ஆச்சரியம் இல்லை. லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. துரையிடம் பேசுபவர் சங்கத் தலைவர். போனஸ், ஆஸ்பத்திரி, பிள்ளைக்கு வேலை, எதற்கும் அவர் வாசலுக்குத்தான் போக வேண்டும். சந்தா எந்தக் கொடிக்கோ ஓட்டும் அந்தக் கொடிக்கு. காங்கிரசின் ஏ.கே. மணி 1991, 1996, 2001 என்று மூன்று முறை. மார்க்சிஸ்ட் கட்சியின் எஸ். ராஜேந்திரன் 2006, 2011, 2016 என்று மூன்று முறை. ஆள் மாறினாலும் வழி மாறவில்லை.

2015 செப்டம்பரில் பெண்கள் அந்த வழியை மறித்தார்கள். மூணாறில் 20 சதவீத போனஸ் கேட்டு உட்கார்ந்த கொழுந்து பறிக்கும் தொழிலாளிகள் எந்தச் சங்கத் தலைவரையும் பக்கத்தில் விடவில்லை. எம்.எல்.ஏ. ராஜேந்திரனே விரட்டப்பட்டார். வி.எஸ். அச்சுதானந்தன் மட்டும் வந்து அவர்களோடு உட்கார முடிந்தது. போனஸ் கிடைத்தது. நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் 'பெம்பிளை ஒருமை' சில இடங்களைப் பிடித்தது. கோமதி பிளாக் பஞ்சாயத்துக்குப் போனார். அத்தோடு சரி. தலைவிகளுக்குள் பிளவு, வழக்கமான கட்சிகளின் இழுப்பு. கொடி இல்லாமல் போராட முடிந்தது. கொடி இல்லாமல் பஞ்சாயத்தில் காலந்தள்ள முடியவில்லை.

கொடியோடு இருந்தவர் கதையும் சுகமாக முடியவில்லை. 2021-ல் ராஜேந்திரனுக்கு சீட் இல்லை, ராஜா வேட்பாளரானார். வேட்பாளரைத் தோற்கடிக்கப் பார்த்தார் என்று 2022 ஜனவரியில் கட்சி ராஜேந்திரனை ஓராண்டு இடைநீக்கம் செய்தது. 2026 ஜனவரியில் அவர் பாரதிய ஜனதாவுக்குப் போனார். ராஜாவின் வெற்றியோ கோர்ட்டுக்குப் போனது. தனித் தொகுதியில் நிற்க அவருக்குத் தகுதி இல்லை என்று 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது; 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 1957-க்குப் பிறகு மறுபடியும் ஒரு தேவிகுளம் தேர்தல் செல்லுமா செல்லாதா என்று நீதிமன்றம் தீர்மானித்தது. இத்தனைக்கும் நடுவில் லயத்துக்காரரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பாலக்காட்டுப் பக்கம் ஒரு சாட்சி இருக்கிறது. சித்தூர் தாலுகாவில் மெம்பரின் நாணயத்தை அளக்கும் படி தண்ணீர். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் வர வேண்டிய 7.25 டி.எம்.சி. வந்ததா இல்லையா என்பதுதான் அங்கே தீராத அரசியல். அதே தாலுகாவின் பெருமாட்டி பஞ்சாயத்து 2000-ல் பிளாச்சிமடையில் கோக கோலா ஆலைக்கு அனுமதி கொடுத்தது. பஞ்சாயத்துக்கு வருமானம் வந்தது. கிணறுகள் கெட்டன. 2002 ஏப்ரலில் ஆதிவாசிகள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். கட்சிகள் முதலில் ஒதுங்கி நின்றன. 2003 ஏப்ரலில் ஜனதா தளத்தைச் சேர்ந்த ஏ. கிருஷ்ணன் தலைவராக இருந்த பஞ்சாயத்து, உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்று தீர்மானித்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. யாரும் கட்சி மாறவில்லை. கொறடா உத்தரவை மீறவுமில்லை. பஞ்சாயத்து தன் பழைய முடிவைத்தான் மாற்றிக்கொண்டது. விசுவாசம் என்று இதைச் சொல்ல ஒரு சட்டப் பிரிவும் தேவைப்படவில்லை.

தேர்தல் வந்தால் எல்லா மேடையிலும் மெம்பர்கள் வரிசையாக உட்கார்வார்கள். இத்தனை மெம்பர்கள் எங்கள் பக்கம் என்று கட்சிகள் எண்ணிக்கை சொல்லும். அந்த எண்ணிக்கையில் பாதி பயம்: ஆறு ஆண்டுத் தடை, கிடைக்காமல் போகும் அடுத்த சீட்டு. மீதிப் பாதியில் எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு கணக்கு என்று மேடையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தில் இன்னொரு கயிறும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மெம்பர் தன் வார்டில் கிராம சபை கூட்ட வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை கூட்டத் தவறினால் பதவி போகும். கொறடாவுக்கு இருக்கும் அதே தண்டனை! தலைவர் தேர்தலில் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டாய், ஏன் போட்டாய் என்று மெம்பரை அங்கே கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கேட்கக் கூடாது என்றும் சொல்லவில்லை.

லயத்திலிருந்து ஒருவர் எழுந்து, தமிழிலேயே, கேட்டால் போதும்.