சூசை சொன்ன உண்மை, திருச்சபை சொல்லாத உண்மை

சென்னைக் கத்தோலிக்கர்களுக்கு ஆகஸ்டு மாதத்தில் இரண்டு கொடிகள். 29ஆம் தேதி பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் ஏறுகிற கொடி ஒன்று. 10ஆம் தேதி தலித் கிறித்தவர்கள் பிடிக்கிற கறுப்புக் கொடி இன்னொன்று. முதல் கொடியைப் பார்க்க மக்கள் ஊர் ஊராக நடந்தே வருகிறார்கள். அடையாறு பக்கம் போக்குவரத்தே மாற்றிவிடப்படுகிறது. இரண்டாவது கொடி எதற்கு என்று கேட்டால், அதே கோயிலில் முழங்கால் போடுகிற பலருக்குத் தெரியாது.

அந்தக் கறுப்புக் கொடிக்குக் காரணம் ஒரே ஒரு பத்தி. 1950 ஆகஸ்டு 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து மதத்தைச் சேராத எவரையும் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்றது. 1956இல் அதைச் சீக்கியர்களுக்காகத் திருத்தினார்கள். 1990இல் பௌத்தர்களுக்காகத் திருத்தினார்கள். கிறித்தவரான தலித்தும் இசுலாமியரான தலித்தும் இன்றைக்கும் வெளியேதான். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவரானவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். குடியிருப்பது அதே சேரி, ஊரார் கூப்பிடுவது அதே பெயர். சான்றிதழ் மட்டும் வேறு.

எங்களில் சிலர் ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள். சிலர் பௌத்தம் தழுவியவர்கள். சிலர் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்காதவர்கள். ஆனால் கிறித்தவ வாழ்வில் ஒரு தனிமனிதரின் விசுவாசத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி வந்தால், நாங்கள் எல்லோரும் சொல்லும் பெயர் ஒன்றுதான். அந்தப் பெயர் எந்தப் புனிதர் பட்டியலிலும் இல்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. சூசை.

பாரிமுனைப் பக்கம், ரத்தன் பஜாரும் என்.எஸ்.சி. போஸ் சாலையும் சந்திக்கிற முனையில், தெருவோரம் உட்கார்ந்து செருப்பு தைத்துக்கொண்டிருந்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறித்தவர். 1982இல் தெருவோரச் செருப்புத் தொழிலாளிகளுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுக்க அரசு கணக்கெடுத்தது. பட்டியல் சாதியினர் நலத்துக்கான மத்திய நிதியில் நடந்த திட்டம் அது. வெயிலிலும் மழையிலும் தொழில் செய்கிறவருக்கு ஒரு கூரை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் சூசைக்குக் கடை கிடையாது என்றார்கள். தைக்கிற ஊசி அதே, தோல் அதே, சாதி அதே, தெரு அதே. மதம் மட்டும் வேறு.

சூசைக்கு ஒரு வழி திறந்தே இருந்தது. இந்துவாகத் திரும்பிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சட்டம் அதை ஏற்றுக்கொள்ளும். அதே காலகட்டத்தில்தான் ராசிபுரம் தனித்தொகுதித் தேர்தல் வழக்கில், கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் இந்து மதத்துக்குத் திரும்பினால் பழைய சாதியும் திரும்பிவிடும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது. இன்னொரு வழக்கில், மதம் மாறியவரின் சாதி செத்துவிடுவதில்லை, கிரகணம் பிடித்ததுபோல் மறைந்திருக்கிறது என்ற பொருளிலும் பேசியது. அதாவது, கிறித்தவராக இருக்கும்வரை சாதி இல்லை, இந்துவானால் அடுத்த நாளே உண்டு. இப்படி ஒரு வசதியான கிரகணத்தை வானத்தில் யாரும் பார்த்ததில்லை.

சூசை அந்த வழியில் போகவில்லை. தன் பெயரிலேயே, யோசேப்பு என்பதற்கு நம் மக்கள் வைத்திருக்கும் தமிழ்ப் பெயரிலேயே, உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நான் கிறித்தவன்; நான் ஆதிதிராவிடன்; இரண்டும் உண்மை; இதில் ஒன்றைக் காட்டி இன்னொன்றை ஏன் பறிக்கிறீர்கள்? வழக்கின் சாரம் இவ்வளவுதான்.

1985 செப்டம்பர் 30 அன்று வழக்கு தள்ளுபடியானது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆர்.எஸ். பதக். அவர் சொன்ன காரணத்தை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். கிறித்தவரான பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. கிறித்தவச் சமூகத்துக்குள்ளேயே அவர்கள் இந்து தலித்துகளுக்கு ஒப்பான இழிவையும் பின்தங்கலையும் அனுபவிக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். அதை நிறுவும் விரிவான, நம்பகமான ஆய்வு எதுவும் எங்கள் முன் வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம்.

ஆதாரம் இல்லை என்பதுதான் தீர்ப்பு. அந்த ஆதாரம் யாரிடம் இருந்தது? தெருவோரம் செருப்பு தைக்கிறவரிடமா இருக்கும்?

பங்குப் பதிவேடுகளில் இருந்தது. எந்தக் கல்லறைத் தோட்டத்தில் யாரை எந்தப் பக்கம் புதைக்கிறார்கள் என்பதில் இருந்தது. திருவிழாத் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது என்பதில் இருந்தது. இதே சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகளிலேயே இருந்தது. வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்துவைத்த தடுப்பை 1910இல் ஒரு பாதிரியார் இடித்தார். நாடார் கிறித்தவர்களோடு சேர்ந்து உட்கார மாட்டோம், தடுப்பைத் திரும்பக் கட்டு என்று வேளாளக் கிறித்தவர்கள் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். நாடாருக்கே அந்த நிலை என்றால், அதற்கும் கீழே தள்ளப்பட்டவர்களுக்கு என்ன நிலை? அம்பேத்கரும் மதம் மாறியவர்களின் நிலை பற்றித் தனியாகவே எழுதினார். கோயில் மாறியதால் சாதி போய்விடவில்லை என்பதை அவர் மூடி மறைக்கவில்லை.

இவ்வளவும் இருந்தும் ஏன் நீதிமன்றத்தின் முன்னால் போய்ச் சேரவில்லை? கொடுத்தால், எங்கள் கோயிலுக்குள் தீண்டாமை இருக்கிறது என்று திருச்சபை தன் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகிவிடும். அந்த வெட்கம்தான் தடுத்தது என்பது எங்கள் கருத்து. செருப்பு தைக்கிறவர் தன் இரண்டு உண்மைகளையும் சொல்லிவிட்டார். தொடர வேண்டிய மூன்றாவது உண்மையைத் திருச்சபைதான் சொல்லியிருக்க வேண்டும்.

சாந்தோமில் இருப்பது தோமையாரின் கல்லறைக் கோயில். மயிலாப்பூருக்கு அதனால்தான் உலகக் கிறித்தவத்தில் ஓர் இடம். தோமையார் என்ன கேட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். காயத்தைப் பார்க்காமல், தொடாமல் நம்ப மாட்டேன் என்றார். இயேசு அவரை விரட்டவில்லை, காயத்தைக் காட்டினார். உச்ச நீதிமன்றமும் 1985இல் கேட்டது அதைத்தான். காயத்தைக் காட்டு என்றது. காட்ட வேண்டிய உடல் திருச்சபையின் உடல். அது சட்டையை இழுத்து மூடிக்கொண்டது.

அப்படியானால் சூசையின் விசுவாசம் தோற்றுவிட்டதா? நாங்கள் அப்படி நினைக்கவில்லை. அவர் கேட்டது ஒரு பெட்டிக்கடை. ஆனால் அதற்குப் பிறகு இந்தியாவில் தலித் கிறித்தவர் உரிமை பற்றிப் பேசிய எவரும் சூசை வழக்குக்குப் பதில் சொல்லாமல் பேச முடியவில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாவது பத்தியையே நீக்கச் சொன்னது. 2008இல் தேசிய சிறுபான்மையினர் ஆணையத்துக்காகப் பேராசிரியர் சதீஷ் தேஷ்பாண்டே தயாரித்த அறிக்கை, கிறித்தவ, இசுலாமிய தலித்துகளின் நிலை பற்றி இருந்த ஆய்வுகளையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கேட்டுத் தீர்மானம் போட்டது. 2022இல் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்து இரண்டு ஆண்டு தவணை கொடுத்தது. பிறகு தவணையை நீட்டியது. இவை எல்லாமே சூசை கேட்ட கேள்விக்கு நாடு எழுதிக்கொண்டிருக்கும் பதில்கள்தாம். நீதி செய்ய மனமில்லாத நடுவனிடம் திரும்பத் திரும்பப் போய் நின்ற விதவையின் கதையை லூக்கா நற்செய்தியில் படிக்கிறோமே, அவளும் தனி ஆள்தான்.

சூசையின் வழி எவ்வளவு கடினமானது என்று புரிய 2024 நவம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பைப் பார்க்க வேண்டும். புதுச்சேரிப் பெண் ஒருவர், தான் இந்து என்று சொல்லி அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். அவர் திருமுழுக்கு பெற்றதையும் தவறாமல் கோயிலுக்குப் போவதையும் சுட்டிக்காட்டி, இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இப்படிச் சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம். கிறித்தவன் என்று சொன்ன சூசைக்கும் இல்லை. இந்து என்று சொன்ன பெண்ணுக்கும் இல்லை. நம் குடும்பங்களில் பள்ளிச் சான்றிதழுக்கு ஒரு பெயர், கோயிலுக்கு ஒரு பெயர் என்று இரண்டு வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோரை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். அவர்களைப் பொய் சொல்லவைத்தது சட்டம். அவர்கள் பட்ட அவமானத்தைக் கண்டுகொள்ளாமல் இருந்தது திருச்சபை.

இரண்டு எதிர்ப்புகள் வழக்கமாக வரும். கிறித்தவத்தில்தான் சாதி இல்லையே, பிறகு எதற்கு ஒதுக்கீடு என்பது முதலாவது. எறையூருக்குப் போய்க் கேளுங்கள். 2008 மார்ச்சில், தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகள் அங்கே தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. அடித்தவர்களும் கத்தோலிக்கர்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் பிணங்களுக்கு நடுவே நின்ற சுவரைக் கேளுங்கள். வேதத்தில் சாதி இல்லாமல் இருக்கலாம். சுவருக்கு அது தெரியாதே.

இரண்டாவது எதிர்ப்பு நம் சொந்த மக்களிடமிருந்து வருகிறது. இருக்கிற 18 விழுக்காட்டில் இன்னும் ஆள் சேர்ந்தால் நமக்கு என்ன மிஞ்சும் என்கிறார்கள். இது நியாயமான பயம். ஆள் கூடினால் விழுக்காடும் கூட வேண்டும் என்று சேர்த்தே கேட்போம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். சாதிவெறியன் தலித் கிறித்தவரை அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயாது. அடிக்கிறவன் சிலுவையைப் பார்த்து அடிப்பதில்லை. சாதியைப் பார்த்து அடிக்கிறான். அந்தச் சட்டத்தின் பாதுகாப்பை அவருக்கும் கொடுப்பதால் யாருடைய வேலையும் போகாது, யாருடைய கல்லூரி இடமும் குறையாது. அங்கிருந்தாவது ஒன்றாகத் தொடங்கலாமே.

இனித் திருச்சபைக்கு. 2003 நவம்பரில் சென்னை மயிலாப்பூர், மதுரை, புதுச்சேரி கடலூர் உயர் மறைமாவட்டங்களின் ஆயர்கள் ரோமுக்குப் போனபோது, சாதிப் பாகுபாடு கிறித்தவ ஒருமைக்கு எதிரானது என்று போப் இரண்டாம் ஜான் பால் நேரடியாகவே சொன்னார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆயர்கள் மனு கொடுக்கிறார்கள், பேரணியில் நடக்கிறார்கள். இதையெல்லாம் நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் டெல்லியைப் பார்த்து நீட்டும் விரலைத் தன் பக்கமும் திருப்ப வேண்டும்.

நாங்கள் கேட்பது எளிமையானது. தமிழ்நாட்டின் ஒவ்வொரு மறைமாவட்டமும் பங்கு வாரியாகக் கணக்கெடுக்கட்டும். பங்குப் பேரவையில் யார் இருக்கிறார்கள்? கல்லறையில் எத்தனை பாதை? திருச்சபைப் பள்ளிகளில் தலைமையாசிரியர் யார், கழிப்பறை கழுவுகிறவர் யார்? குருமடத்தில் சேர்ந்த தலித் பையன்களில் எத்தனை பேர் குருவானார்கள்? எடுத்த கணக்கை அச்சிட்டு வெளியிடட்டும். ஆணையத்திடமும் நீதிமன்றத்திடமும் தன் கையெழுத்தோடு கொடுக்கட்டும். வெட்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

மறையுரைகளில் விசுவாசத்துக்கு உதாரணம் தேடி எங்கெங்கோ போகிறார்கள். ஆகஸ்டு 10ஐ அடுத்து வருகிற ஞாயிறு, சாந்தோமிலும் லஸ்ஸிலும் பெசன்ட் நகரிலும் ஒரே ஒரு முறை, ரத்தன் பஜார் முனையில் செருப்பு தைத்த சூசையின் பெயரைச் சொல்லட்டும். ஒரு பெட்டிக்கடைக்காகக்கூடப் பொய் சொல்லாதவர் என்று சொல்லட்டும். அதற்குப் பிறகு, அவர் கேட்டும் கிடைக்காத அந்த ஆதாரத்தை எடுத்துக் கொடுக்கட்டும்.