கல்லீரல் முறிக்காத நஞ்சு

நஞ்சை முறிப்பது கல்லீரலின் வேலை என்பது பொதுவான நம்பிக்கை. செயற்கைக் கஞ்சா அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குகிறது. அதில் சேர்க்கப்படும் ஜேடபிள்யூஹெச்-018 என்ற வேதிப்பொருளைக் கல்லீரல் நொதிகள் உருமாற்றிய பிறகும், அப்போது பிறக்கும் சில சிதைபொருள்கள் மூளையின் சிபி1 ஏற்பிகளை விடாமல் தூண்டுகின்றன. செடிக் கஞ்சாவின் டிஹெச்சி அந்த ஏற்பிகளை ஓரளவே தூண்டும். ஜேடபிள்யூஹெச்-018 முழு வீச்சில் தூண்டும்.

2016 ஜூலையில் நியூயார்க்கின் புரூக்ளினில் 33 பேர் நடைபிணங்களாக நின்றார்கள். காரணம் ஏஎம்பி-ஃபுபினாகா என்ற இன்னொரு செயற்கைக் கஞ்சா வேதிப்பொருள். ரத்தத்தில் தேடியபோது அது அகப்படவில்லை. உடல் அதற்குள் அதை அமிலமாக மாற்றியிருந்தது. அந்த அமிலம்தான் காட்டிக்கொடுத்தது.

வழக்கமான கஞ்சாச் சிறுநீர்ச் சோதனையில் இந்தச் செயற்கைக் கஞ்சாப் பொருள்கள் சிக்குவதில்லை. அந்த முடிவை மட்டும் நம்பி, மருத்துவமனைக்கு வலிப்போடு வந்தவரை வீட்டுக்கு அனுப்புவது பெரும் தவறு. சிதைபொருள்களைத் தேடும் வசதி நச்சியல் ஆய்வகங்களுக்கு உடனடியாக வேண்டும்.